முத்துநாயகம் நட்ட சுமைதாங்கி

கோட்டாற்றில் சாலை வேலை மேஸ்திரியாக இருந்த முத்துநாயகத்துக்கு ஓர் இடம் சும்மா கிடந்தால் கை அரிக்கும். சுசீந்திரம் போகும் சாலையோரம் ஒரு பொட்டல் கிடந்தது. கள்ளியும் குப்பையும், மழை பெய்தால் முழங்கால் சேறு. சந்தைக்கு மீன் சுமந்துவரும் கடற்கரைப் பெண்கள் அதைக் கண்டாலே நடையை எட்டிப் போடுவார்கள். முத்துநாயகத்துக்கோ அங்கே மரமும் குளமும் தெரிந்தன.

1932இல் ஊர்ச்சபை அந்தப் பொட்டலை வண்டிப்பேட்டை ஆக்கப்போவதாகப் பேச்சு வந்தது. முத்துநாயகம் போய் நின்று மன்றாடினார். சபையாரும் அசந்துபோய், "சரி, ஒரு வருஷம் தருகிறோம். ஜனங்கள் வந்து உட்காருகிற இடமாக்கிக் காட்டும். இல்லையென்றால் வண்டிப்பேட்டைதான்" என்றார்கள்.

அவ்வளவுதான், மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தை இன்னும் தோண்டிக் குளமாக்கினார். தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிப் புல் பதித்தார். கள்ளியை வெட்டித் தள்ளியபோது உள்ளே மறைந்துகிடந்த இரண்டு பெரிய புளியமரங்களின் அடிநிழல் வெளியே வந்தது. உட்காரக் கல் பலகைகள் போட்டார். ஓரமெல்லாம் பூவரசங்கம்பு நட்டார்; அவை துளிர்த்த அன்று தெருத்தெருவாகப் போய்ச் சொன்னார்.

வருஷம் முடிந்து சபையின் ஓவர்சியர் பார்வையிட வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. தலைச்சுமையோடு வரும் பெண்கள் யார் துணையும் இல்லாமல் சுமையை இறக்க வேண்டாமா? தலை உயரத்துக்கு இரண்டு கல்லை நிறுத்தி, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்தார். அருமையான சுமைதாங்கி.

இங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். சுமைதாங்கியை நம் ஊரில் யாரும் சும்மா நடுவதில்லை. வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் இறக்கிவைக்காமல் போன சுமைக்காக வீட்டார் நடுகிற கல் அது. முத்துநாயகத்தின் மனைவி செல்லக்கனிக்கு அப்போது ஒன்பதாம் மாதம்.

மறுநாள் காலையில் முதலில் வந்தவள் மீன்காரி செசிலி. கல்லைப் பார்த்தாள், நட்டது யாரென்று வழியில் போனவரிடம் கேட்டாள், சிலுவை போட்டுக்கொண்டு சாலையின் எதிர்ப்பக்கம் போய்விட்டாள். மற்றப் பெண்களும் அப்படியே. சந்தைக்குப் போன சேதி அங்கிருந்து பஸ் ஏறி, செல்லக்கனியின் பிறந்த ஊரான அஞ்சுகிராமத்தில் போய் இறங்கியது. இது எதுவும் தெரியாமல் முத்துநாயகம் ஆளில்லாத தோட்டத்தில் தவித்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் செல்லக்கனியின் அண்ணன் வைகுண்டராஜன் ஒரு பஸ் நிறைய உறவுக்காரர்களோடு கோட்டாற்றுக்கு வந்தார். தெருமுனையிலேயே ஒப்பாரி தொடங்கிவிட்டது. கதவைத் திறந்தது செல்லக்கனி, கையில் அகப்பையோடு.

"ஆருண்ணே செத்தா?"

வைகுண்டராஜன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீதாம்ட்டி" என்றார். "ஒம் மாப்பிள கல்லு நட்டுட்டாருன்னு சொன்னாவ."

விஷயம் புரிந்ததும் அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "அந்தக் கல்ல இப்பமே புடுங்கி எறியணும்" என்று அண்ணன் குதித்தார்.

"ஒரு வருசமா சோறு தண்ணி இல்லாம அவரு உண்டாக்குன எடம். கல்லு அங்கனயே நிக்கட்டும்" என்றாள். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு நடந்தாள். அழ வந்த கூட்டம் முழுவதும் பின்னாலேயே போனது.

சந்தை முடிந்து திரும்பும் மீன்காரிகள் அவளைப் பார்த்து நடுச்சாலையில் நின்றுவிட்டார்கள். செல்லக்கனி நேரே போய்க் குடத்தைச் சுமைதாங்கிமேல் இறக்கினாள். "செத்துப்போன செல்லக்கனி வந்திருக்கேன். தாகம் எடுத்தவிய வந்து குடிங்க" என்றாள்.

முதல் சிரிப்பு செசிலியுடையதுதான். மீன் விற்றுத் தீர்ந்த ஓலைக் கடவத்தைக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு முத்துநாயகத்திடம், "அண்ணாச்சி, மதினிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுல்லா கல்லு நட்டிருக்கணும்" என்றாள். அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம் பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அஞ்சுகிராமத்துக்காரர்கள் புல்மேட்டில் காலை நீட்டினார்கள். பிள்ளைகள் குளத்தில் இறங்கிவிட்டன.

ஓவர்சியர் வந்தபோது கல் பலகையில் இடமே இல்லை. "என்ன விசேஷம்?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல ஏமானே" என்றாள் செசிலி. "சும்மா இருக்கோம்."

ஓவர்சியர் சுற்றிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுத் தாமும் புல்லில் உட்கார்ந்தார். வண்டிப்பேட்டைப் பேச்சு அன்றோடு போயிற்று. எழுதும்போதே எனக்குச் சந்தோஷம் பொங்குகிறது.

செல்லக்கனிக்குப் பெண் பிறந்தது. அந்தக் கல்லுக்குச் செல்லக்கனி கல் என்றே பேர் விழுந்துவிட்டது. வெளியூர்க்காரர் யாராவது பேரைக் கேட்டுவிட்டு, "பாவம், எந்த வயசுல போனாளோ" என்று உச்சுக்கொட்டினால், பக்கத்துப் புளிய நிழலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் செல்லக்கனி நிமிர்ந்து பார்ப்பாள்.

"நாந்தான் அவ. நல்லாத்தான் இருக்கேன். நீங்களும் செத்த நேரம் இருந்துட்டுப் போங்க."