கோணல் சீல்

அண்ணி கடற்கரைக்குப் போக ஆரம்பித்தபோது அவளோடு பெரிய கூட்டமே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளுக்கொரு சாக்கும் கையுறையும் கொடுத்தார்கள். பத்திரிகைக்காரர்கள் வந்த வாரம் நிற்க இடமில்லை. அப்புறம் ஒருவருக்கு முதுகுவலி, ஒருவருக்கு வெளியூர் மாற்றல் என்று ஒவ்வொருவராக உதிர்ந்து, கடைசியில் அண்ணி மட்டும் மிஞ்சினாள். கையுறை கிழிந்ததும் வெறுங்கையால் பொறுக்கினாள்.

அங்கே குதிரை சவாரி விடுகிறவர் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்: "என்னக்கா, இன்னைக்காவது கடலைக் கூட்டி முடிச்சிருவீங்களா?"

"உங்க குதிரை போடுறதை நீங்க அள்ளுங்க. மத்ததை நான் முடிச்சிர்றேன்."

என் அண்ணன் தண்ணீர் பாக்கெட் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறான். அவன் மெஷினிலிருந்து விழும் பாக்கெட்டுகளை மூட்டை கட்டுவது என் வேலை. எங்கள் மூன்று வயிறும் அதை நம்பித்தான். மெஷின் பழசு. பாக்கெட்டின் வாயைச் சூட்டில் ஒட்டுகிற சீல், இடது பக்கம் ஒரு நூல் இறங்கித்தான் விழும். ஒழுகாததால் முதலாளி கண்டுகொள்ளவில்லை.

ஒருநாள் வீட்டில் கிடந்த பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்த அண்ணி, "ஏங்க, இதுக்கு வாய் ஏன் இப்படிக் கோணிக்கிடக்கு?" என்றாள்.

"அது என் கையெழுத்து" என்று அண்ணன் சிரித்தான். "கம்பெனியிலேயே என் மெஷின் ஒண்ணுதான் இப்படிப் போடும்."

அடுத்த ஞாயிறு சாக்கைக் குப்பை வண்டியில் போட்டுவிட்டு, தனியாக ஒரு பையோடு வந்தாள். உள்ளே இருந்த எல்லாமே கோணல் சீல். ஒவ்வொன்றாகக் கழுவி, துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டினாள். குளித்துவிட்டு வந்த அண்ணனுக்குத் துண்டு காயப்போட இடமில்லை.

"என்ன இதெல்லாம்?"

"உங்க கையெழுத்துதான். மணல் பூரா போட்டு வச்சிருக்கீங்களே."

"நான் தண்ணியை அடைச்சு அனுப்புறேன். குடிச்சவன் வீசினா நான் என்ன பண்ணுவேன்?"

"நீங்க போட்டுக்கிட்டே இருந்தா நான் எப்பப் பொறுக்கி முடிக்கிறது? அந்த மெஷினை விட்டு வந்துருங்க."

"இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? உன் கடல் குடுக்குமா?"

ஊர்க் குப்பையை அண்ணியால் தாங்கிக்கொள்ள முடிந்தது. வீட்டு ஆளின் குப்பையைத்தான் முடியவில்லை. அந்த வேலையை விடச் சொன்னதைத் தவிர அவனிடம் அவள் எதையும் கேட்டதில்லை. அவனும் சும்மா இருக்கவில்லை. மர டிப்போவில் கேட்டான், பஸ் கம்பெனியில் கேட்டான். ஓரிடத்தில் வயசைச் சொன்னார்கள், ஓரிடத்தில் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை.

ஞாயிறுதோறும் கொடி நிறைந்தது. அண்ணன் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுவான். பேச்சு என் வழியாகத்தான் நடந்தது. "வேணுமான்னு கேளு." "போதும்னு சொல்லு."

ஒரு திங்கள்கிழமை, மெஷினைப் போடுவதற்கு முன்னால் அண்ணன் சீல் வைக்கிற பட்டையைக் கழற்றினான். மெல்லிய தகரம் ஒன்றை வெட்டி இடது பக்கத்துக்கு அடியில் கொடுத்தான். முதல் பாக்கெட் விழுந்தது. கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. அவன் என்னைப் பார்த்தான். நான் மூட்டையைப் பார்த்தேன்.

சில வாரம் கழித்து அண்ணி வாசலிலேயே செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தாள்.

"என்னங்க, குறையுது! நிஜமாத்தான். இன்னைக்கு நம்மது ஒரு கைப்பிடிகூட இல்ல. ஜனங்களுக்கும் கொஞ்சம் உறைக்கத்தான் செய்யுது!"

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவனிடம் நேராகப் பேசினாள். அண்ணன் நிமிரவில்லை. "நல்லது" என்றான்.

அன்று சாக்கு எப்போதும்போலவே கனத்ததை அவள் சொல்லவில்லை. அதன் மறுமுனையைப் பிடித்து, தெருமுனையில் நின்ற குப்பை வண்டியில் ஏற்றியது நான்தான்.

சீல் சுத்தமாக விழுவதைப் பார்த்த முதலாளி, புதிதாக வந்த மெஷினையும் அண்ணனிடமே கொடுத்தார். பழசைவிட அது இரண்டு மடங்கு வேகம். அந்த வாரம் வேலை முடிந்து அண்ணன் கொண்டுவந்த பாக்கெட் ஒன்றை அண்ணி கையில் எடுத்தாள். குடிக்கவில்லை. சீலின் மேல் நகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாள். திரும்பவும் ஓட்டினாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

 

போன ஞாயிறு நானும் அவளோடு போயிருந்தேன். மணலில் எல்லாம் நேரான சீல்தான். எது அண்ணனுடையது, எது அடுத்த மெஷின்காரனுடையது என்று எனக்கே தெரியவில்லை. அலை ஓரத்தில் மட்டும் ஒன்று கிடந்தது. எழுத்தெல்லாம் வெளுத்து, பாசி பிடித்திருந்தது. சீல் மட்டும் அப்படியே, இடது பக்கம் ஒரு நூல் இறங்கி. அண்ணி அதைப் பெருவிரலால் தடவினாள். சாக்கின் அடியில் கையை முழங்கைவரை விட்டு, அங்கே திணித்தாள்.

"முடிஞ்சுதாக்கா?" என்றார் குதிரைக்காரர்.

அண்ணி சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். 

வீட்டில் அண்ணன் தட்டின் முன்னால் காத்திருந்தான்.

"நம்மது ஏதாச்சும் வந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்லைங்க."

அவன் சாப்பிட ஆரம்பித்தான். இப்போதெல்லாம் கொடியைப் பார்த்துத்தான் உட்காருகிறான். கொடியில் அவன் துண்டு மட்டும் காய்ந்துகொண்டிருந்தது.