நைனா சொன்ன சரி

எங்கள் வீட்டில் 'சரி'யெல்லாம் நைனாவிடமும் 'கூடாது'வெல்லாம் அம்மாவிடமும் இருந்தன. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆந்திர எல்லைக்குப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. மழையில் ஆடட்டுமா என்று கேட்டால் சரிம்மா. டியூஷனுக்கு மட்டம் போடட்டுமா என்றால் அதற்கும் சரிம்மா. ஒருமுறை பரீட்சைக்கு முந்தின நாள் எதிர்வீட்டு டிவியில் சினிமா பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். சிரித்துத் தலையை ஆட்டிவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தார். நல்ல பேரெல்லாம் அவருக்கு, கெட்ட பேரெல்லாம் எனக்கு என்று அம்மா புலம்புவாள். நானோ, இப்படியொரு அப்பா உலகத்தில் வேறு யாருக்கும் வாய்க்கவில்லை என்று ஐந்தாம் வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நைனா எங்கள் ஊர் நகராட்சியின் வண்டி ஷெட்டில் மெக்கானிக். கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் போகும் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது அந்த ஷெட். நான்கு டிப்பர், இரண்டு குப்பை லாரி, ஒரு தண்ணீர் லாரி, செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரி ஒன்று, மஞ்சள் நிறப் பொக்லைன் ஒன்று. இத்தனைக்கும் அவர் ஒருவர்தான் வைத்தியர். எந்த லாரி ஈரத்தில் முரண்டு பிடிக்கும், எதன் கிளட்ச் வெடுக்கென்று பிடிக்கும், எதை ஏற்றத்தில் நம்பக்கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். செப்டிக் லாரிக்கு அடியில் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவார்கள். நைனா எல்லா வண்டிக்கும் நுழைகிற மாதிரியே நுழைவார். குப்பை லாரி வராத நாளில்தான் ஊருக்கு அப்படியொன்று இருப்பதே ஞாபகம் வரும். நைனா வேலையில் இருந்தவரை ஊருக்கு அந்த ஞாபகம் அதிகம் வந்ததில்லை.

ஓடி ஓய்ந்து, இனி உதவாது என்று எழுதித் தள்ளிய வண்டிகளை ஷெட்டுக்குப் பின்னால் நிறுத்தியிருப்பார்கள். அவற்றுக்குக் 'கண்டம்' என்று பெயர். உலகத்தில் ஏழு கண்டங்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த எனக்கு, எட்டாவது எங்கள் நைனாவின் பொறுப்பில் இருப்பதில் ஏகப்பட்ட பெருமை. கண்டமாகிப்போன பழைய பொக்லைனின் சீட்டில் அந்த வருஷம் ஒரு பூனை மூன்று குட்டி போட்டிருந்தது.

நைனாவிடம் சில வினோதங்கள் உண்டு. கூப்பிட்டால் திரும்பமாட்டார், தட்டினால் திரும்புவார். வீட்டில் கதவைத் தட்டுவோம். ஷெட்டில் மட்கார்டை ஸ்பேனரால் தட்டுவார்கள். வேலையில் இறங்கிவிட்டால் அவருக்கு உலகமே தெரியாது என்பது அங்கே எல்லோருடைய தீர்ப்பு. யார் பேசினாலும் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பார். எவ்வளவு மரியாதையான மனிதர் என்று அதிகாரிகள்கூட மெச்சுவார்கள். இன்னொன்று, வண்டிக்கு அடியில் போவதற்கு முன் அவர் செய்யும் சடங்கு. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்பார். பேட்டரி ஒயரைக் கழற்றித் தள்ளி வைப்பார். கழற்றின ஸ்பேனரைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் உள்ளே போவதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டு வரலாம் என்று பொக்லைன் ஓட்டுநர் எப்போதும் கேலி செய்வார்.

எல்லாவற்றையும் விட வினோதம் அவருடைய கம்பி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம். இன்ஜினில் எங்கே சத்தம் என்று பார்க்க மற்ற மெக்கானிக்குகள் அப்படி ஒரு கம்பியைக் காதில் வைப்பார்கள். நைனா பல்லால் கடிப்பார். ஒரு முனை ஓடுகிற இன்ஜினில், மறு முனை வாயில், கண்ணை மூடிக்கொள்வார். அவர் இன்ஜினை ருசி பார்க்கிறார் என்று நான் நம்பினேன். ஒருநாள் அம்மா இல்லாத நேரத்தில் ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டு மிக்ஸியை ருசி பார்த்தேன். துரு ருசிதான் வந்தது. ஆனால் மண்டை முழுக்க மிக்ஸி ஓடியது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. நான்காம் நாள் காலையில் ஏரி உபரி நீர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ரயில்வே பாலத்துக்கு அடியில் கால்வாயை ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டிருக்க, போகிற வழி இல்லாமல் தண்ணீர் தாழ்வான நான்கு தெருக்களில் ஏறியது. அதில் ஒன்று எங்கள் தெரு. அம்மா அரிசி டிரம்மைக் கட்டில் மேல் ஏற்றிவிட்டு, நான் வீட்டில் இருந்தால் தொல்லை என்று நைனாவோடு ஷெட்டுக்கு அனுப்பிவிட்டாள். அடைப்பை எடுக்கப் பொக்லைனால்தான் முடியும். வாடகைப் பொக்லைன்களெல்லாம் சோழவரம் பக்கம் ஏரிக்கரைக்குப் போயிருந்தன. நகராட்சிப் பொக்லைன் அன்று பார்த்து இருமியது.

நாங்கள் போனபோது ஓட்டுநர் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நகராட்சிப் பொறியாளர், முழங்கால் வரை சுருட்டின பேன்ட்டோடு.

"இன்ஜினே தட்டுதுண்ணா. எறக்கித்தான் ஆவணும். இத்தோட ஓட்டிக்கினு போனா நட்டாத்துல நின்னுடும்" என்றார் ஓட்டுநர்.

இன்ஜினை இறக்கினால் ஒரு வாரம். பொறியாளர் நைனாவின் முகத்துக்கு நேரே வந்து, இன்று இருட்டுவதற்குள் அடைப்பு எடுபடாவிட்டால் நான்கு தெரு ஜனங்களையும் பள்ளிக்கூடத்துக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்றார். நைனா கட்டை கொடுத்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு அடியில் போனார்.

பொறியாளர் போனில் பேசிக்கொண்டே வாசலுக்குப் போனார். ஓட்டுநர் டீக்குப் போனார். நான் பொக்லைன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். சாவி அதன் துவாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது. உதவி செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. குதிகாலால் தரையைத் தட்டினேன். தட்டினால்தானே நைனா கவனிப்பார்.

"நைனா, சாவி திருப்பட்டா?"

கீழேயிருந்து குரல் வந்தது. "சரிம்மா."

திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு தரம் அழுத்தித் திருப்பினேன். ஒரு முனகல்கூட இல்லை. அவ்வளவுதான், இன்ஜின் செத்துவிட்டது, நைனாவாலும் முடியாது என்று எனக்குத் துக்கமாகிவிட்டது. இறங்கிப் போய்ப் பூனைக்குட்டிகளோடு உட்கார்ந்துகொண்டேன். அப்போது நைனாவின் வலது கை, ரேடியேட்டர் ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் முழங்கை வரை உள்ளே போயிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவர் வெளியே வந்தார். பேட்டரி ஒயரை மாட்டப் போனவர், பழக்கம் போல முதலில் கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். அப்படியே நின்றுவிட்டார். சாவி திரும்பியிருந்தது. அதைப் பார்த்தார், தூரத்தில் இருந்த என்னைப் பார்த்தார், மறுபடி சாவியைப் பார்த்தார். பிறகு அதைப் பழைய நிலைக்குத் திருப்பி, உருவி, ஸ்பேனர் இருந்த அதே பையில் போட்டுக்கொண்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வாளித் தண்ணீரில் கை கழுவினார்; சோப்புத்தூள் இரண்டு தரம் கையிலிருந்து கொட்டியது.

பிறகு பேட்டரி ஒயரை மாட்டி, டீ குடித்துவிட்டு வந்த ஓட்டுநரிடம் சாவியைக் கொடுத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னார். செத்துப்போனதாக நான் முடிவுகட்டிய இன்ஜின் உறுமியது. அந்தத் தட்டல் எனக்கே கேட்டது. நைனா கம்பியைச் சட்டையில் துடைத்துப் பல்லில் கடித்தார். ஒவ்வொரு இடமாக முனையை வைத்துக்கொண்டே வந்தார். பொறியாளர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேனுக்குப் பின்னால் ஓரிடத்தில் கம்பி நின்றது. நைனா கண்ணைத் திறந்தார்.

"இன்ஜின் நல்லாகீது. வாட்டர் பம்பு பேரிங்கு ஆடுது, அவ்ளோதான். கண்டத்துல நம்ம பழைய வண்டி பம்பு கீது, கயட்டிக்கினு வா."

ஓட்டுநருக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் போனார். பூனை சீறிக்கொண்டிருக்கக் கண்டத்திலிருந்து பம்ப் வந்தது. நைனா மறுபடியும் ஒயரைக் கழற்றினார், மறுபடியும் ஸ்பேனர் பைக்குள் போனது. இந்த முறை சாவியும் கூடவே போனது. பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டாலும் நைனா ஒரு போல்ட்டைக்கூட அவசரமாக முடுக்கவில்லை. மதியம் இரண்டு மணி இருக்கும், பொக்லைன் அந்தத் தட்டல் இல்லாமல் ஷெட்டை விட்டுப் போனது. மாலைக்குள் பாலத்தடியில் அடைப்பு எடுபட்டது. அங்கே கூட்டம் கைதட்டியதாம், வார்டு உறுப்பினர் பொக்லைன் படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாராம். நைனா அப்போது குப்பை லாரிக்கு கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் இருக்கிறேன். மிஷினுக்குள் கைவிடுவதற்கு முன் கரண்டைத் துண்டித்து, பூட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வேலை. அதை எனக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்த வகுப்பில்தான், அன்று நான் திருப்பிய சாவிக்கு இன்ஜின் ஏன் அசையவில்லை என்று எனக்குப் புரிந்தது. நைனா ஓய்வு பெற்ற பிறகுதான் டாக்டரிடம் கூட்டிப்போனோம். இன்ஜின் சத்தத்தில் இரண்டு காதும் எப்போதோ போய்விட்டன, இருபது வருஷமாவது இருக்கும் என்றார் டாக்டர். அம்மாவுக்கு முன்பே தெரியுமாம். வெளியே தெரிந்தால் ஷெட்டை விட்டு எடுத்து எங்கேயாவது வாட்ச்மேனாக உட்கார வைத்துவிடுவார்கள், மனிதரைக் கண்டத்தில் தள்ளின மாதிரி ஆகிவிடும் என்று இருவருமாக மறைத்திருக்கிறார்கள். மற்றவர்கள் காதால் கேட்டதை அவர் பல்லால் கேட்டார். காதில் விழாத என் கேள்விகளுக்கெல்லாம் 'சரிம்மா' சொல்லிச் சமாளித்திருக்கிறார். 'வண்டி எடுக்கறேன், வெளிய வா' என்று யார் கத்தினாலும் தனக்குக் கேட்காது என்பதால் அந்தச் சடங்கைத் தனக்குத் தானே ஏற்படுத்திக்கொண்டார். அது ஒருவரையும் நம்பாத சடங்கு. அன்றைக்கு அவர் கையைக் காப்பாற்றியது அதுதான். என்னைக் காப்பாற்றியதும் அதுதான்.

அன்று சாயங்காலம் இதெல்லாம் தெரியாத நான், சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தேன். தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு இறங்கியிருந்தது. நைனா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தார். பூனைக்குட்டிகளில் ஒன்றுக்கு, வாலில் வெள்ளை இருந்ததற்கு, காலையிலேயே பெயர் வைத்துவிட்டிருந்தேன். எப்படியும் சரி என்றுதான் சொல்லப்போகிறார், கேட்பது ஒரு மரியாதைக்குத்தான். அவர் முதுகைத் தட்டிக் கேட்டேன்.

நைனா நின்றார். சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு முழுக்கத் திரும்பினார். அதுவரை நான் கேட்டதை அவர் திரும்பச் சொல்லச் சொன்னதில்லை.

"இன்னா கேட்ட? என் மூஞ்சியப் பாத்து நிதானமா சொல்லு."

"அந்தப் பூனக்குட்டிய நாளிக்கி எடுத்துக்கினு வரட்டா நைனா?"

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மழைத்தண்ணீர் அவர் முகத்தில் வழிந்துகொண்டிருந்தது.

"அம்மாவக் கேளும்மா" என்றார்.

அந்த நாளுக்குப் பிறகு நைனா எனக்கு ஒரு 'சரி'கூடச் சொன்னதில்லை. டியூஷனுக்கு, சினிமாவுக்கு, பள்ளிச் சுற்றுலாவுக்கு, எதற்குக் கேட்டாலும் அம்மாவைக் கேள். அன்று வீடு வந்து சேரும்வரை கேரியரில் உட்கார்ந்து அழுதேன். காலையில் சாவியைத் திருப்பியதற்காக நைனாவுக்கு என்மேல் இருந்த பிரியம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.