முதலாவதாக வந்த அடையாள அட்டை

வவுனியாவில் நானும் கணவரும் தொலைபேசி, போட்டோக்கொப்பி வசதியுள்ள ஒரு கொமினிகேசன் கடை நடத்துகிறோம். வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பவேண்டிய பத்திரங்களை ஸ்கான் செய்து எங்கள் இணையத்தளத்தில் ஏற்றுவோம். அந்தக் கோப்பின் இணைய முகவரியை உரியவருக்கு மட்டும் சொல்வோம். அவர்கள் எடுத்ததும் அழித்துவிட வேண்டும். நான் பஞ்சிப்பட்டு, பிறகு பார்ப்போம் என்று விட்டுவிடுவேன்.

கடைப் பெயரைத் தேடினால் எங்கள் தளம் எங்கேயோ பின்னுக்குக் கிடந்தது. அதை முன்னுக்குக் கொண்டுவர இலவசக் கருவியொன்று கிடைத்தது. தளத்தில் உள்ளவற்றைப் பட்டியலிட்டு அதுவே தேடுபொறிக்கு அனுப்பும். நீண்ட பட்டியல் வந்தது. வாசிக்காமலே 'அனுப்பு' என்பதை அழுத்தினேன். சில வாரங்களில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம். கணவருக்குக் காட்டிப் பெருமைப்பட்டேன்.

ஒருநாள் எங்களிடம் வழமையாக வரும் பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் முகம் வெளிறி உள்ளே வந்தார்.

"பிள்ளை, சுவிசில இருக்கிற தம்பி என்ர பேரைத் தேடினவனாம். என்ர அடையாள அட்டை வருதாம், வீட்டு விலாசத்தோட. உண்மையோ?"

தேடினேன். முதலாவதாகவே வந்தது. முன்பு ஸ்கான் செய்து ஏற்றிய கோப்புக்கு அவருடைய முழுப்பெயரையே வைத்திருந்தேன்.

"இதுக்குள்ள ஆர் ஆர் பாத்தினமோ" என்றபடி கதிரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாசிக்காமல் அனுப்பிய பட்டியலைத் திறந்து, அதிலிருந்த மற்றப் பெயர்களையும் தேடினேன். அவருடையது மட்டுமல்ல, நான் அழிக்காமல் விட்ட அத்தனை பேரின் பத்திரங்களும் வந்தன. உடனே அழித்தும், தேடலில் பல நாள் தெரிந்துகொண்டிருந்தன.

இப்போது உறவினர் எடுத்துவிட்டார் என்றதும் அழிக்கிறேன். காலையில் கடை திறந்ததும் எங்கள் கடைப் பெயரைத் தேடுவதில்லை, பத்திரம் தந்தவர்களுடைய பெயர்களையே ஒவ்வொன்றாகத் தேடுகிறேன். ஒன்றும் வராவிட்டால்தான் தேத்தண்ணி இறங்குகிறது.