பின்னால் வந்த சிவப்பு கார்

போன வருஷம் பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. செங்கல்பட்டைத் தாண்டி ஒரு மணி நேரம் போனால் வரும் கார் பந்தய மைதானம். மாதத்தில் ஒரு நாள் அங்கே நம்மைப் போன்ற சாதாரண ஆட்களும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டிப் பார்க்கலாம். பரிசு, மெடல் எதுவும் கிடையாது. யார் முதலில் வந்தார் என்று கணக்குப் பார்ப்பதும் கிடையாது. ஆசைக்கு ஓட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அப்படிப்பட்ட இடத்தில் போய்த்தான் நான் மானத்தைத் தொலைத்தேன்.

நான் கல்பாக்கத்தில் டெக்னீஷியன். வீடு நெம்மேலியில். தினமும் ஸ்டாஃப் பஸ்ஸில் போய் வருகிறவன் என்பதால் எங்கள் வெள்ளைக் காரை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டுமே தொடுவேன். ஆனால் கார் பந்தய வீடியோக்களைப் பார்ப்பதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. எந்த வளைவில் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும், எங்கே முடுக்க வேண்டும் என்று சாப்பிடும்போதுகூட மனைவிக்கு விளக்கிக்கொண்டிருப்பேன்.

அவள் கேட்டுக்கொண்டே எனக்குச் சட்னி ஊற்றுவாள். அவள் படாளத்துக்காரி. கல்யாணத்துக்கு முன்பே அப்பாவின் டிராக்டரை ஓட்டியவள். ஆறு வருஷமாக இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறாள். தினமும் காலை ஐந்தரை மணிக்கு மாவு வாளிகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு, கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை ஒவ்வொரு கடையாக இறக்கிவிட்டு வருவாள். அவள் வண்டி ஓட்டுவதை நான் ஒரு திறமையாகவே நினைத்ததில்லை. மாவு போடப் போகிறாள், அவ்வளவுதான்.

அன்றைக்கு அவளைக் கூட்டிப்போனது வேடிக்கை பார்க்கத்தான். என்னோடு வேலை செய்யும் நண்பன் ஒருவனும் அவனுடைய சிவப்புக் காரை ஓட்டப் பெயர் கொடுத்திருந்தான். என்னுடைய காரும் அதுவும் ஒரே மாடல், நிறம் மட்டும்தான் வேறு. மைதானத்தில் வந்து இறங்கும்போது, டயருக்குக் காற்று பார்க்கிறேன் என்று குனிந்தவன் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எழுந்து நிற்கவே இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது.

"மச்சான், என்னால ஆவாது. எடம் சும்மா போவுதேடா," என்று புலம்பியவன், திடீரென்று என் மனைவியைப் பார்த்தான். "தங்கச்சி, நீ ஓட்டேன். லைசென்ஸ் கீதுல்ல?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. "வண்டிக்கு எதனா ஆச்சுன்னா இன்னா பண்றதுண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

"நீ ஓட்டினா ஒண்ணும் ஆவாது. ஒம் புருஷன் ஓட்டுறதுக்குத்தான் நான் பயப்படணும்," என்றான் அவன்.

நடத்துகிறவரிடம் சொல்லிப் பெயரை மாற்றினார்கள். லைசென்ஸ் பார்த்தார்கள், டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், இரவல் ஹெல்மெட் ஒன்றும் கிடைத்தது. பிறகு எல்லோரையும் ஒரு கொட்டகையில் உட்கார வைத்து விதிமுறைகளைச் சொன்னார்கள்.

விதிகள் சுலபமானவை. வளைவுகளில் யாரையும் முந்தக் கூடாது. நேரான பாதை இரண்டு இடங்களில் இருக்கிறது, அங்கே மட்டும்தான் முந்தலாம். அதுவும் முன்னால் போகிறவர் கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, இந்தப் பக்கமாகப் போ என்று காட்டினால்தான். வலது பக்கம் விடுவதென்றால் கையை நேராக நீட்ட வேண்டும், இடது பக்கமென்றால் கூரைக்கு மேலாகக் காட்ட வேண்டும். கை காட்டாதவரை எத்தனை சுற்றானாலும் பின்னால் வருகிறவர் பொறுத்துத்தான் வர வேண்டும். ஹாரன் அடிக்கக் கூடாது, நெருக்கக் கூடாது. முன்னால் போகிறவர் பின்னால் வருகிற காரைக் கவனிக்கவில்லை என்றால், மூலையில் நிற்பவர் நீலக்கொடி ஆட்டுவார். 'உன்னைவிட வேகமாக ஒருவர் வருகிறார், அடுத்த நேர்ப்பாதையில் வழி விடு' என்று அதற்கு அர்த்தம்.

என் மனைவி கையைத் தூக்கினாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"சார், கை காட்டின பெறவு நான் அதே வேகத்துல போணுமா, காலை எடுத்துடணுமா?"

"நல்ல கேள்வி மேடம்," என்றார் அவர். "ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்துடணும். கையையும் காட்டிட்டு வேகமாவும் போனா, பாவம் அவர் எப்படித் தாண்டுவார்? ஆனா உங்க கோட்டை விட்டு விலகாதீங்க. நீங்க எங்க இருப்பீங்கன்னு அவருக்குத் தெரியணும்."

அவள் இன்னும் இரண்டு கேள்வி கேட்டாள். என்னவென்று எனக்கு நினைவில்லை. நான் மனதுக்குள் மூன்றாவது வளைவில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் எட்டு கார்கள், இருபது நிமிஷம். முதல் முறை மெதுவாகப் பாதையைச் சுற்றிக் காட்டினார்கள். இரண்டாவது முறைதான் நிஜமாக ஓட்டவிட்டார்கள். நான் முன்னால் கிளம்பினேன். அவள் கடைசிக்கு முந்தின ஆளாக, எனக்கு வெகு தூரம் பின்னால் கிளம்பினாள்.

முதல் இரண்டு சுற்று எனக்குச் சொர்க்கம். டயர் கிறீச்சிடக் கிறீச்சிட வளைவுகளைக் கடந்தேன். மூன்றாவது சுற்றில் நடுக்கண்ணாடியைப் பார்த்தேன். தூரத்தில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. அடுத்த வளைவு முடிந்து பார்த்தால் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. அந்தச் சுற்று முடிவதற்குள், நடுவிலிருந்த கார்களைத் தாண்டி, சிவப்பு கார் எனக்குப் பின்னாலேயே இருந்தது.

அவளா? அவளால் எப்படி முடியும்?

நேர்ப்பாதை வந்தது. இரண்டும் ஒரே மாடல் கார். நான் முழு அழுத்து அழுத்தினால் அவள் நெருங்க முடியாது. அழுத்தினேன். வளைவு வந்ததும் மறுபடி பின்னால் வந்துவிட்டாள். அடுத்த நேர்ப்பாதையில் மறுபடி அழுத்தினேன். மூலையில் நின்ற அண்ணன் நீலக்கொடியை எனக்கு நேராக ஆட்டினார். நன்றாகவே பார்த்தேன். பார்க்காதது போல முகத்தை முன்னால் வைத்துக்கொண்டேன். அடுத்த சுற்றிலும் ஆட்டினார். அதற்கடுத்த சுற்றில், பாதையின் ஓரத்துக்கே வந்து, கையே கழன்றுவிடும் போல ஆட்டினார்.

கண்ணாடியில் அவள் நெருக்கவில்லை. இடைவெளி விட்டே வந்தாள். அந்தப் பொறுமைதான் என்னை இன்னும் சீண்டியது. என் மனைவிக்கு வழி விட்டேன் என்று நாளைக்கு பஸ்ஸில் நண்பன் சொல்லிச் சிரிப்பானே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வரிசை கட்டி வந்ததை நான் பார்க்கவே இல்லை. என் கண்ணுக்கு அந்தச் சிவப்பைத் தவிர எதுவும் தெரியவில்லை.

கடைசி வளைவு. எப்படியும் அவளை உதற வேண்டும் என்று, வழக்கமாகப் பிரேக் பிடிக்கிற இடத்தைத் தாண்டிப் போய்ப் பிடித்தேன். கார் பின்பக்கமாக வழுக்கியது. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்றே தெரியாது. வானம், புல், டயர் புகை, எல்லாம் கண்முன் சுற்றின. நின்றபோது கார் பாதி பாதையிலும் பாதி புல்லிலும் கிடந்தது. முகம் வந்த திசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. இன்ஜின் அணைந்துவிட்டது.

எதிரே அவள் வந்துகொண்டிருந்தாள்.

அவள் விட்டு வந்த இடைவெளிதான் எங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றியது. என் கார் ஆட ஆரம்பித்ததுமே வேகத்தைக் குறைத்திருக்கிறாள். வலது கையை ஜன்னலுக்கு வெளியே செங்குத்தாக உயர்த்திப் பின்னால் வருகிறவர்களை எச்சரித்தபடி, மெதுவாக என் பக்கத்தில் வந்தாள். நான் பதற்றத்தில் சாவியைத் திருப்பப் போனேன். காரைக் கிளப்பிப் பாதைக்குள் ஏறிவிட வேண்டும் என்பது மட்டும்தான் எண்ணம். என்னைக் கடக்கும்போது அவள் முகத்தைத் திருப்பி, உயர்த்திய கையை அப்படியே கீழே அமுக்குவது போலக் காட்டினாள். 'அங்கேயே இரு. நகராதே.'

எதற்கென்று புரியாமலே சாவியிலிருந்து கையை எடுத்தேன். அடுத்த நொடி ஒரு சாம்பல் நிறக் கார் என் கதவிலிருந்து ஒரு கை தூரத்தில் போனது. அதை ஒட்டி இன்னொன்று. நான் கிளப்பியிருந்தால் நேராக அவற்றின் முன்னால்தான் போயிருப்பேன்.

எல்லோரையும் உள்ளே வரச் சொல்லிவிட்டார்கள். என் காரில் ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கினேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஏங்க, எங்கனா அடிபட்டுச்சா? கழுத்தத் திருப்புங்க. இந்தப் பக்கம். இன்னொரு தபா."

நடத்துகிறவர் வந்தார். கோபப்படவில்லை. "நீலக்கொடி எத்தன தடவ பாத்தீங்க சார்?" என்று கேட்டார்.

"பாக்கல சார்," என்றேன்.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. கொடி பிடித்த அண்ணன் அவர் பின்னாலேயே நின்றிருந்தார். "மூணு தபா ஆட்டினேன் சார். நேரா என் மூஞ்சியத்தான் பாத்துகினு போனாரு," என்றார்.

என் மனைவி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

"பாத்தேன் சார். மூணு தடவையும் பாத்தேன். விட மனசு வரல."

அவர் தலையாட்டினார். "அடுத்த முறை நீங்க ஓட்ட வேணாம், உக்காந்து பாருங்க. சாயங்காலம் கடைசி முறைக்கு வாங்க. வழி விடுறதும் ஓட்டுறதுலதான் சார் சேத்தி."

புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். நண்பன் இடுப்புக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு தள்ளிப் படுத்திருந்தான். சாப்பிட்டு முடிக்கும்போது அவள் கேட்டாள்.

"கண்ணாடியில என்னைப் பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"நானுன்னு தெரியும்."

"தெரியும்."

"வேற யாரனா வந்திருந்தா வுட்டிருப்பீங்களா?"

பொய் சொல்லும் தெம்பு அன்றைக்கு எனக்குத் தீர்ந்துபோயிருந்தது. "வுட்டிருப்பேன்," என்றேன்.

அவள் டப்பாவை மூடினாள். "யாருன்னே தெரியாதவனுக்கு வுடுவீங்க. நான்னா மட்டும் இன்னாங்க?"

கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன். நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பது போலக் கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் வழக்கம் போல விரல்களை மடக்கவும் இல்லை.

அடுத்த முறை அவள் ஓட்டினாள். நான் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இரண்டு பேருக்கு அழகாகக் கை காட்டி வழி விட்டாள், நான்கு பேரைத் தாண்டினாள். ஒரு தடவைகூட டயர் சத்தம் கேட்கவில்லை.

சாயங்காலம் கடைசி முறை. இந்தத் தடவையும் என்னை முன்னால்தான் அனுப்பினார்கள். நான்காவது சுற்றில் கண்ணாடியில் சிவப்பு தெரிந்தது. நேர்ப்பாதை வந்ததும் கையை வெளியே நீட்டினேன். காலை எடுத்தேன். ஆனால் அவள் வரவில்லை. பின்னாலேயே தயங்கி வந்தாள். காலையில் நடந்ததற்குப் பிறகு என் கையை நம்புவதா வேண்டாமா என்று யோசித்திருப்பாள் போல. கையை மடக்காமல் இன்னும் நன்றாக நீட்டினேன். 'வாம்மா, வா' என்று ஹெல்மெட்டுக்குள் சத்தமாகவே சொன்னேன்.

வந்தாள். என்னைக் கடக்கும்போது அவள் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்து நன்றி சொல்லி ஆடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனைக்கும் அது எல்லோரும் எல்லோருக்கும் ஆட்டுகிற கைதான்.

அதற்குப் பிறகு, முடிந்தது என்று கொடி காட்டும்வரை அவள் பின்னாலேயே ஓட்டினேன். கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவள் ஓட்டுவதை நான் பின்னாலிருந்து பார்த்ததே கிடையாது. வளைவுக்கு வெகு முன்னாலேயே பிரேக் விளக்கு மெல்ல எரிந்து, மெல்ல அணையும். கார் சாயவே சாயாது. முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு சட்டென்று புரிந்தது. ஆறு வருஷமாக ஒரு சொட்டு மாவு சிந்தாமல் வளைவில் திரும்பிப் பழகியவள். நேர்ப்பாதைக்கு வந்ததும் தவறாமல் அவள் தலை லேசாக அசையும், கண்ணாடியைப் பார்த்துக்கொள்வாள். அவள் பிரேக் பிடித்த இடத்திலேயே நானும் பிடித்தேன். அவள் போன கோட்டிலேயே போனேன். அன்று முழுவதும் நான் ஒழுங்காக ஓட்டியது அந்தச் சில சுற்றுகள்தான்.

இறங்கியதும் தலைமுடியெல்லாம் ஒட்டிப்போய், முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். "இன்னாங்க, கடசியில நல்லாத்தான் ஓட்டினீங்க!"

"உன்னப் பாத்து ஓட்டினேன்."

"காலைலயே பாத்திருக்கலாம்ல?" என்று என் தோளில் ஒரு குத்து விட்டாள். வலித்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

திரும்பும்போது எங்கள் காரை அவள் ஓட்டினாள். நண்பன் பின் சீட்டில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வேகத்தடைக்கும் முனகினான். அவனுடைய காரை அவன் தம்பி வந்து எடுத்துப்போனான். நான் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். மறுநாள் பஸ்ஸில் நண்பன் சொல்வதற்கு முன்னால் நானே எல்லோரிடமும் கதையைச் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் சிரித்தார்கள். அவ்வளவு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இந்த ஆடி மாதம் கோவளம் வரைக்கும் கடைகளைச் சேர்க்கலாமா என்று அவள் கேட்டபோது, எதற்கு வீண் வேலை என்ற வார்த்தை என் நாக்கு நுனி வரை வந்து திரும்பிப் போனது. சேர்த்துவிட்டாள், நன்றாகவே போகிறது. யார் யாருக்கோ வழி விட்டிருக்கிறேன். என்னோடு வாழ்கிறவளுக்கு விடத்தான் எனக்கு ஒரு பந்தய மைதானமும், மூன்று நீலக்கொடியும், ஒரு மரண பயமும் தேவைப்பட்டன என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது, கூடவே கொஞ்சம் சந்தோஷமாகவும் இருக்கிறது.