புளி போட்டுத் தேய்த்த நாணயம்

அப்பா சேர்த்து வைத்துவிட்டுப் போன பழைய வெள்ளி நாணயங்களை விற்றுத்தான் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் செய்வதாக இருந்தோம். இன்று மாசி வீதியில் பழைய நாணயம் வாங்குபவர் ஒருவரிடம் முதலில் ஒன்றை மட்டும் கொண்டுபோய்க் காட்டினேன்.

விளிம்பைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தவரின் முகம் சுருங்கிவிட்டது.

"யாரு தம்பி இதைத் தேய்ச்சது?"

"அம்மா. கடைக்கு அழுக்காக் கொண்டு போகக் கூடாதுன்னு காலைல புளி போட்டுத் தேய்ச்சாங்க."

"அதுல படிஞ்சிருந்த கருப்பு, அழுக்கு இல்ல தம்பி. இம்புட்டு வருசமா யாரும் கை வைக்கலங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி. பழைய காசு சேர்க்கிறவன் அதுக்குத்தான் கூடக் குடுப்பான். இப்ப இது வெறும் வெள்ளி. எடைக்குத்தான் போகும்."

அப்பா அந்த நாணயங்களை யாரையும் தொட விட்டதில்லை. தொட்டால் கத்துவார். ஏனென்று சொன்னதே இல்லை.

விற்காமல் கே.கே. நகர் திரும்பினேன். வாசலிலேயே அம்மா கேட்டார்.

"என்னப்பா சொன்னாரு? பளிச்சுன்னு இருக்குன்னாரா?"

"அசந்துட்டாரும்மா," என்றேன்.

அப்பா போன பிறகு அம்மா சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

"உங்கப்பாவுக்கு ஒண்ணையும் சுத்தமா வச்சுக்கத் தெரியல. மிச்சத்தையும் தேய்ச்சு வைக்கிறேன்" என்று டப்பாவோடு அடுப்படிக்குப் போய்விட்டார்.

தேய்க்கும் சத்தம் இங்கே வரை கேட்கிறது. ஆபரேஷனுக்கு வேறு வழி பார்க்க வேண்டும். நீங்களாக இருந்தால் தடுத்திருப்பீர்களா?

அப்பா இருந்திருந்தால் இந்நேரம் கத்தி வீட்டை ரெண்டாக்கியிருப்பார்.

இருந்திருக்கலாம்.