இரண்டு கைகளுக்காகச் செய்த ரேசர்

அப்பாவின் சேஃப்டி ரேசர் இப்போது என்னிடம் இல்லை. ஆனாலும் அதன் கனம் என் உள்ளங்கைக்கு இன்னும் மறக்கவில்லை. பித்தளையில் செய்து வெள்ளை முலாம் பூசியது. பிடியில் அப்பாவின் விரல்கள் படும் இடத்தில் மட்டும் முலாம் தேய்ந்து மஞ்சள் தெரியும். பிடி, சீப்பைப் போல இரு ஓரமும் பற்கள் வைத்த ஒரு தட்டு, வளைந்த மூடி, இவ்வளவுதான் அது. மூடியின் உட்பக்கத்தில் ஒரு திருகு நீட்டிக்கொண்டிருக்கும். மூடியைக் கவிழ்த்துப் பிடித்து, பிளேடின் ஓட்டைகளைத் திருகில் மாட்டி, அதன்மேல் சீப்புத் தட்டை வைத்து, பிடியைச் சுற்றினால் எல்லாம் ஒன்றாக இறுகும். அப்பா ரயிலில் கார்டாக இருந்தவர். ஓடும் வண்டியிலேயே ஒரு கீறல் விழாமல் சவரம் செய்துகொள்வேன் என்று பெருமையாகச் சொல்வார். என் மகன் நான்கு நாள் உபயோகித்துவிட்டுத் தூக்கிப் போடும் பிளாஸ்டிக் ரேசரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது, விசித்திரமாக, அப்பா அல்ல. ஃபிட்டர்தான்.

ஐம்பதுகளின் கடைசியில் திருச்சியில் ஒரு மருத்துவமனையில், ஆண்கள் அறுவை வார்டில் நான் நர்ஸாக இருந்தேன். அப்பா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் வீட்டுக்குள் என்னால் அரை மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவும் முடியாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. யாருக்கு லீவு வேண்டுமானாலும் அவர்கள் டூட்டியை நான் வாங்கிக்கொள்வேன். காலை பஸ் காவேரிப் பாலத்தில் ஏறியதும்தான் எனக்கு மூச்சு வரும்.

ஃபிட்டர் எங்கள் வார்டுக்கு வந்தது அப்போதுதான். திருச்சியிலேயே ஒரு பட்டறையில் மெஷின் பொருத்தும் ஃபிட்டர் வேலை, வார்டில் அதுவே அவர் பெயராகிவிட்டது. வயது முப்பத்தைந்து இருக்கலாம். தகடு அழுத்தும் பிரஸ் மெஷினில் வலது கை அகப்பட்டு, சீழ் பிடித்து, கடைசியில் மணிக்கட்டுக்கு மேல் எடுக்க வேண்டியதாகிவிட்டது. காய்ச்சல் விட்ட நாளிலிருந்து அவர் படுக்கையில் தங்கியதே இல்லை. வார்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பார். நின்றால் இடது கை சும்மா இருக்காது. கட்டில் குமிழ், மருந்து பாட்டில் மூடி, ஜன்னல் கொக்கி, எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும். அப்போது கட்டுப் போட்ட வலது முழங்கையும் சேர்ந்து அசையும். இல்லாத கையும் திருகிப் பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும், முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஊரிலிருந்த மனைவிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். "கையில சின்னக் காயம், நல்லா இருக்கேன், அறுப்பு வேலைய விட்டுட்டு வர வேண்டாம்னு எழுதுங்க நர்ஸம்மா." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "எழுதுங்க" என்றார் மறுபடி. அப்படியே எழுதினேன். எழுதியது பொய் என்று தெரிந்துதான் எழுதினேன். தபாலில் போட்டதும் நான்தான்.

வாரம் இரண்டு முறை சவரம் செய்பவர் வார்டுக்கு வருவார். ஃபிட்டர் அவரிடம் உட்காரவே மாட்டார். ஒருமுறை வற்புறுத்தி உட்கார வைத்தோம். கத்தி கன்னத்தருகே வந்ததும் துண்டை உதறிவிட்டு எழுந்துவிட்டார். மெஷினில் கை போன மனிதருக்கு, இன்னொருவர் அசைக்கும் இரும்பு தன்மேல் படுவதைத் தாங்க முடியவில்லை. தாடி வளர்ந்தது. அடுத்த மாதம் பட்டறை மேனேஜரைப் போய்ப் பார்க்க வேண்டும், என்ன வேலை தரலாம் என்று அவர்தான் சொல்வார். "தாடியும் ஒத்தக் கையுமா போய் நின்னா, கோயில் வாசல்ல போய் உக்காருன்னுதான் சொல்வாங்க" என்றார் ஃபிட்டர். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றிரவு வீட்டில் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்து, அம்மாவிடம் சொல்லாமல், ரேசரை எடுத்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அதை அவர் கையில் கொடுத்தபோது முகம் மாறிய விதம் எனக்கு மறக்காது. சவரத்தையே மறந்துவிட்டார். பிரித்து ஜன்னல் விளிம்பில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த பிளேடு காயிதம் மாதிரி தகடு நர்ஸம்மா, தனியாப் பிடிச்சா முடிய வெட்டாது, மடங்கிடும். இந்த மூடி வளைஞ்சிருக்கு பாருங்க. இறுக்குனா தகடும் கூட வளையும். வளைஞ்சாத்தான் அதுக்கு முறுக்கு வரும்." பிறகு சீப்புப் பற்களை விரலால் தடவினார். "இது வேலி. வெட்டு வாய் இவ்வளவுதான் வெளிய தெரியணும்னு அளந்து வச்சிருக்கான். கை பழகாதவனும் கழுத்த அறுத்துக்கக் கூடாதுன்னு யோசிச்சிருக்கான். நல்ல மனுசன்." ரேசரைச் செய்த யாரோ ஒருவரைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொல்வது போல அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது.

பிறகு பிளேடை மாட்டப் பார்த்தார். மூடியைக் கவிழ்த்து வைத்து, பிளேடை வைத்து, தட்டை வைத்து, பிடியைச் சுற்றினார். பிடியோடு மூடியும் சேர்ந்து சுற்றியது. ஒரு கை பிடியைச் சுற்றும்போது இன்னொரு கை மூடியைப் பிடித்திருக்க வேண்டும். தொடைகளுக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். பல்லால் கவ்வப் பார்த்தார், நான் பிடுங்கிவிட்டேன். ஐந்தாவது தடவை பிளேடு நழுவிக் கட்டைவிரலைக் கீறியது. "இதச் செஞ்சவனுக்கு ரெண்டு கையும் இருந்திருக்கு" என்று சொல்லி, ரேசரைச் சுவரில் விட்டெறிந்தார்.

வார்டே திரும்பிப் பார்த்தது. பொறுக்கி எடுத்தேன். சீப்புத் தட்டில் ஒரு பல் வளைந்திருந்தது. "இது எங்க அப்பாவோடது" என்றேன். ரேசரை அங்கேயே வைத்துவிட்டு மருந்து அறைக்குப் போய், அப்பா போன பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதேன். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் தட்டை என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார். கரண்டிக் காம்பை வைத்து, இடது கையாலேயே அந்தப் பல்லை நிமிர்த்தியிருந்தார். எது வளைந்த பல் என்று எனக்கே கண்டுபிடிக்க முடியவில்லை. "மன்னிச்சுக்குங்க" என்றார். நானே தினமும் பிளேடு மாட்டித் தருகிறேன் என்றேன். "இங்க மாட்டித் தருவீங்க. நான் வீட்டுக்குப் போனா கூட வருவீங்களா?" என்று கேட்டார்.

மறுநாள் பார்வையாளர் நேரத்தில் ஒரு பெண் வார்டு வாசலில் வந்து நின்றாள். முசிறி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவள், காலெல்லாம் புழுதி. ஃபிட்டர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். அவள் நேராகப் போய் அந்த முழங்கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து பார்த்தாள். அழவில்லை.

"வர வேண்டாம்னு எழுதச் சொன்னேன்ல?" என்றார் அவர்.

"எழுதச் சொன்னதாலதான் வந்தேன். கல்யாணமான நாள்லேர்ந்து உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? கையில சின்னக் காயம்னு போட்டிருக்கு, அதுவும் வேற யாரோ எழுதியிருக்காங்க. அப்புறம் என்ன நெனைக்கிறது நானு?"

யார் எழுதியது என்று அவள் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "நீங்க என்ன பண்ணுவீங்க நர்ஸம்மா, இவரு சொன்னா சொன்னதுதான்" என்று என் கையைத் தொட்டாள். அந்தத் தொடுகைக்கு நான் தகுதியானவள்தானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு.

இரண்டு நாளில் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது. "நான் சவரம் பண்ணிவிட்டா என்ன கொறஞ்சு போச்சு?" என்றாள். "இன்னிக்குச் சவரம் பண்ணுவ. நாளைக்குச் சோறு ஊட்டுவ. அப்புறம் நான் எதுக்கு?" என்று கத்தினார். அவள் அவர் வேட்டியை எடுத்துக்கொண்டு துவைக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது கையில் ஈரமான சோப்புக் கட்டி இருந்தது. அவர் மறுபடி ஜன்னல் விளிம்பில் போராடிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"அது சுத்திக்கிட்டு ஓடுதுல்ல. அத எங்கயாச்சும் புதைச்சு வச்சா என்ன?"

சொல்லிவிட்டு, சோப்பை விளிம்பில் வைத்து, மூடியைக் கவிழ்த்து அதன் ஈர முதுகில் அழுத்தினாள். வளைந்த மூடி தன் வடிவத்துக்கே ஒரு பள்ளம் பறித்துக்கொண்டு உட்கார்ந்தது. திருகு மட்டும் மேலே நின்றது. ஃபிட்டர் அவளைப் பார்த்தார், சோப்பைப் பார்த்தார். பிளேடை மாட்டினார். தட்டை வைத்தார். பிடியைச் சுற்றினார். மூடி அசையவில்லை. எல்லாம் இறுகிக்கொண்டு கையில் வந்தது. அவர் சிரித்த சிரிப்பில் நாலாவது கட்டில்காரர் தூக்கம் கலைந்து எழுந்து உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு அவரை யாரும் பிடிக்க முடியவில்லை. சோப்பு கரைந்துவிடும் என்று, இடது கையால் கோணல்மாணலாகப் படம் வரைந்து என்னிடம் கொடுத்தார். தென்னூரில் ஒரு தச்சரிடம் காட்டி, மூடிக்குச் சரியாகப் பள்ளம் தோண்டிய வேப்பங்கட்டை ஒன்று செய்து வாங்கி வந்தேன். ஒரு வாரத்தில் தானே மாட்டி, தானே சவரம் செய்தார். முகமெல்லாம் கீறல். ஒரு கீறலில் பஞ்சு வைக்கப் போனேன். "விடுங்க நர்ஸம்மா, நானா போட்டதுதானே" என்றார்.

வீடு போகும் நாளன்று ரேசரைத் திருப்பித் தந்தார். நான் வாங்கவில்லை. அன்று மாலை அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "அவருக்கு மீசை உண்டா?" என்று மட்டும் கேட்டாள். அப்பா தன் மீசையை அந்த ரேசரால்தான் ஒதுக்குவார். அதன் பிறகு எங்களால் அப்பாவைப் பற்றிப் பேச முடிந்தது.

மேனேஜர் அவருக்கு வாசல் காவல் வேலைதான் தர முன்வந்தார் என்றும், மேஜைமேல் கட்டையை வைத்து ரேசரைக் கழற்றி மாட்டிக் காட்டி, செய்த சாமான்களின் அளவு சரிபார்க்கும் வேலை கேட்டார் என்றும், சிரித்து அனுப்பிவிட்டார்கள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன். காவல் வேலையை அவர் ஏற்கவில்லை. மனைவியோடு ஊருக்குப் போய்விட்டார்.

ஆறேழு ஆண்டு கழித்து, கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்த பிறகு, அம்மை குத்தும் வேலையாக நான் முசிறிக்குப் போனேன். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பம்புசெட் பழுது பார்க்கும் கீற்றுக் கொட்டகை. உள்ளே அவர். மேஜை நிறையப் பள்ளங்கள், கவ்விகள், ஆணியடித்த கட்டைகள். எந்தச் சாமான் வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ள அங்கே ஓர் இடம் இருந்தது. அவருடைய ஒரு கை எதையோ திருகிக்கொண்டே இருந்தது. மார்பு வரை தாடி. நான் அதையே பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

"வேணும்னா எடுப்பேன், வேணாம்னா விடுவேன் நர்ஸம்மா" என்றார். "வாங்க, உக்காருங்க" என்றவர் தான் உட்காரவில்லை.

அவர் மனைவி மோர் கொண்டுவந்தாள். "அன்னிக்கு என்னைச் சவரம் பண்ண விட்டிருந்தாருன்னா இந்நேரம் வீட்டோட கெடந்திருப்பாரு. எனக்கும் நிம்மதியா இருந்திருக்கும்" என்று சிரித்தாள். அதில் பாதி உண்மையும் இருந்தது. மோரைக் குடித்து முடிப்பதற்குள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மோட்டார் நின்றுவிட்டது, வாழைக்குத் தண்ணி இல்லை என்றார். ஃபிட்டர் பாதி வார்த்தையிலேயே புறப்பட்டுவிட்டார். அவள் சாமான் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "டம்ளரை அங்கயே வச்சிடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். வாய்க்கால் கரையில் இருவரும் வேகமாகப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் பஸ் வந்து, ஹாரன் அடித்து, நான் இல்லாமலேயே கிளம்பிப் போய்விட்டது.