குவியலின் காய்ச்சல்

காலை பத்தேகாலுக்குச் செய்தி வந்தது. தையல்காரி தன் கடையில் ஒரு திரைச்சீலைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அழைத்தவர், அவள் கணவர் வேலைபார்க்கும் தொழிற்சாலையின் வாயிற்காவலர்.

"அக்கா, உடனே கிளம்பி வாங்க. குவியல் உள்வாங்கிடுச்சு."

"கயிறு கட்டியிருந்தாரா?"

"நீங்க வாங்கக்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

கணவருக்கு அங்கே 'வைக்கோல் டாக்டர்' என்று பெயர். மாடிவீட்டு உயரத்துக்குக் குவித்திருந்த ஈர வைக்கோலுக்குத் தினமும் காய்ச்சல் பார்ப்பவர் அவர்தான். மேலே ஏறி, நீளமான வெப்பமானிக் கம்பியை அதன் நடுவயிறு வரை இறக்குவார். கை வைத்தால் வெந்துபோகும் அந்தச் சூட்டில்தான் சில பாக்டீரியாக்கள் செழித்து வாழும். அவை சுரக்கும் நொதி வைக்கோலின் கெட்டி நாரைக் கூழாக்கிவிடும். ஆய்வுக்கூடத்துக்கு அந்த நொதி வேண்டும். நடுவிலிருந்து எடுத்த கூழை ஆறிவிடாமல் ஃபிளாஸ்கில் அடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

வழக்கமாக இத்தகைய குவியலை அடிக்கடி கிளறி ஆற்றுவார்கள். இங்கே கிளறக் கூடாதென்று உத்தரவு. சூடு ஏற ஏற ஆய்வுக்கூடத்தில் ஒரே சந்தோஷம்.

"கட்டின பொண்டாட்டி நெத்தியைத் தொட்டுப் பார்த்து எத்தனை நாளாச்சு? அந்தக் குப்பைக்கு மட்டும் தினமும் வைத்தியம்" என்பாள்.

"உனக்கும் எழுபது டிகிரி வரட்டும், ஓடி வரேன்."

அப்புறம் அவர் சட்டையின் வாடை மாறியது. முன்பு வேகவைத்த தானியம்போல் மணந்தது, இப்போது கருகல் நாற்றம் அடித்தது. குவியலின்மேல் உட்காரும் குருவிகள் இப்போது வருவதில்லை என்று சாப்பிடும்போது சாதாரணமாகச் சொன்னார். நேற்று மாலை பெருமையாகவே சொன்னார்:

"கம்பி இப்ப வெண்ணெயில இறங்குற மாதிரி இறங்குது."

"எதுவுமே தடுக்கலைன்னா, கீழே ஒண்ணுமில்லைன்னுதானே அர்த்தம்?"

"கீழே வேலை நல்லா நடக்குதுன்னு அர்த்தம்."

அவர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு போய்க் கயிறும் இரண்டு கொக்கிகளும் வாங்கி வந்தாள். ஒரு கொக்கி இடுப்பு வாருக்கு, மற்றது தொழிற்சாலை முற்றத்துத் தூணுக்கு.

"இதைக் கட்டாம ஏறினா வீட்டுப் பக்கமே வராதீங்க."

"உத்தரவு, மகாராணி."

காலையில் அவள் கடைக்குக் கிளம்பும்போது அவர் கயிற்றில் கொக்கி பொருத்தக் குறட்டோடு தரையில் உட்கார்ந்திருந்தார். கைபேசி அடித்தது. ஆய்வுக்கூடத்தில் அவசரமாம், சூடு ஆறாத கூழ் உடனே வேண்டுமாம். "இதோ வரேன் சார்" என்று அவர் சொன்னது படியிறங்கும்போது அவள் காதில் விழுந்தது.

குவியல் மேலே பார்க்க அப்படியேதான் இருந்ததாம். நடுவில் கால் வைத்ததும் திறந்துகொண்டது. அவரை வெளியே எடுக்க மதியமாகிவிட்டது. உயிர் இல்லை.

வீட்டில் கயிறு கதவோரம் கிடக்கிறது. ஒரு முனையில் கொக்கி இறுக்கமாகப் பொருத்தியிருக்கிறது. மற்றொரு கொக்கி குறட்டின் பக்கத்தில், காகித உறை பிரிக்காமல்.